நெற்காணிச் சட்டமும் வயலிலிருந்து எழுந்த குரலும்

வினாயகபுரத்து முதியவர்களின் பேச்சில் 'போடியார்', 'முல்லைக்காரன்', 'வட்டை விதானை' என்னும் சொற்கள் இன்றும் அடிபடுகின்றன. காணி போடியாருடையது; உழைப்பு முல்லைக்காரனுடையது; நீர்ப் பங்கீடு விதானையின் பொறுப்பு. வழக்கத்தினால் மட்டுமே கட்டுண்டு கிடந்த இத்தகைய உறவுகளை எழுத்திலமைந்த சட்டத்தின் கீழ்க் கொணர முயன்றது, 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம்.

அதனைக் கொண்டுவந்தவர் விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன. அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1959இல் அவர் அரசை விட்டே வெளியேறினார். குத்தகைக்கு உச்ச வரம்பு, பயிரிடுவோனுக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை, கமக்காரர் பெரும்பான்மையாக அமர்ந்த பயிர்ச்செய்கைக் குழுக்கள் ஆகியவை அதன் சாரம். அதுவரை விதானையின் கையிலிருந்த அலுவல்கள் இக்குழுக்களிடம் வந்தன. இதனை நாம் சிறிய மாற்றமெனக் கொள்வதற்கில்லை.

ஆயினும் சட்டம் வயலில் இறங்கியபோது அதன் ஓட்டைகள் தெரியவந்தன. "இவன் குத்தகைக்காரன் அல்லன், என் கூலியாள்" என்று காணிக்காரர் ஒரு சொல் சொன்னாற் போதும். மறுத்து நிரூபிக்கும் பாரம் ஏழையின் தோளில் விழுந்தது. கையில் துண்டுச் சீட்டுமில்லாதவன் எதைக் காட்டுவான்? முல்லைக்காரன் குத்தகைக்காரனா, பங்குக்கு உழைக்கும் ஆளா என்ற கேள்விக்குக் கொழும்பில் எழுதிய வரைவிலக்கணம் எளிதில் விடை தரவில்லை. நாடெங்கும் வெளியேற்றப்பட்டோரின் முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன. 1961இலும் 1964இலும் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தங்களுக்கு வித்திட்டவை, தோற்றுப்போன கமக்காரரின் அம்முறைப்பாடுகளே என்பது நம் கருத்து. (அம்முறைப்பாட்டையும் தமிழன் எந்த மொழியில் எழுதுவது என்பது 1956க்குப் பின் தனித்ததொரு துயரம்.)

1973இன் கமத்தொழிற் காணிகள் சட்டம் வந்தபோது குழுக்களுக்குத் தேர்தல் போய், அமைச்சரின் நியமனம் புகுந்தது. இடதுசாரிகளும் பங்குகொண்ட அரசின் காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. பின்னர் 1979இல் கமநல சேவைகள் சட்டம், 2000இல் கமநல அபிவிருத்திச் சட்டம் எனப் பெயர்கள் மாறின. கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்டத்தில் இடமும் கிடைத்தது.

அவ்விடம் எவ்வளவு பெறுமதியானது என்பதை 2021 காட்டியது. அவ்வாண்டு மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. சேதனப் பசளை தீதென்று நாம் சொல்லவில்லை. எத்தனை ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும், அது எங்கிருந்து வரும் என்று வயலில் நிற்பவனிடம் கேட்டவர் யார்? சட்டத்தில் இடம்பெற்றிருந்த கமக்காரர் அமைப்புகள், ஆணை பிறந்த பிறகே அதை அறிந்தன. கமக்காரர் தெருவில் இறங்கினர். நவம்பர் இறுதியில் தடை விலக்கப்பட்டது.

அப்போது எம் மாணவர் பலரின் வீடுகளில் பெரும்போக விதைப்பு முடிந்திருந்தது. பயிர் மஞ்சளித்து நின்றது.