கள்ளிப்பாலும் ஸ்கேனும்

பெண் சிசுக்கொலை என்றதும் உசிலம்பட்டி என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1986இல் 'இந்தியா டுடே' எழுதிய பிறகு, பார்க்க வந்தவர்கள் கண்ணுக்கெல்லாம் கள்ளிப்பாலும் நெல்மணியும்தான் பட்டன. பெற்றவள் கொலைகாரி, அவள் சாதி காட்டுமிராண்டி என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அதே வருசங்களில் பம்பாயில் என்ன நடந்தது? இன்றைக்குச் சில நூறு ரூபாய் செலவழித்தால் நாளைக்கு வரதட்சணை மிச்சம் என்று கிளினிக்குகள் விளம்பரம் செய்தன. அதற்குப் பெயர் கொலை இல்லை, 'டெஸ்ட்'.

ஏழையின் குற்றத்தைச் சாதிக் குணம் என்பது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். 1870இல் வந்த பெண் சிசுக்கொலைத் தடுப்புச் சட்டம், இன்ன பகுதி, இன்ன குலம் என்று முத்திரை குத்தியது. அவர்கள் வீட்டுப் பிறப்பைக் கணக்கெடுத்தது. காவலுக்கு ஆகும் செலவையும் அவர்களிடமே வசூலிக்க வழி செய்தது.

கருவின் குறைகளைக் கண்டறிய 1970களில் வந்த பனிக்குட நீர்ச் சோதனையைப் பெண்ணைக் கண்டறியப் பயன்படுத்தினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இதைத் தடுத்ததும் தனியார் கல்லா கட்டினார்கள். பம்பாய்ப் பெண்கள் அமைப்புகள் போராடியதால் 1988இல் மகாராஷ்டிரத்திலும், 1994இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1996இல். சோதனைக்கு வந்தவளைக் கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தினார்கள் என்றே இந்தச் சட்டம் அனுமானிக்கிறது. தாயை விட்டுவிட்டு டாக்டரைப் பிடிக்கச் சொன்ன சட்டம் இது.

தமிழ்நாட்டில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1989இல், குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் திருத்தினார்கள். நல்லதுதான். நிலமே இல்லாத சேரியில் எதில் பங்கு?

2001 கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு நாடு முழுதும் பெண் குழந்தைகள் 927. தாழ்த்தப்பட்டோரில் 938. இதைச் சொல்லி நாம் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2011இல் நம்முடையது 933. என் பாட்டிக்குப் பரிசம் போட்டுத்தான் தாத்தா கட்டினார். எனக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் வண்டி கேட்டார்கள். மேல்சாதிக்காரன் வீட்டு வரதட்சணையை நாமும் கௌரவம் என்று தூக்கிக்கொண்டு வந்தால், அவன் வீட்டு ஸ்கேனும் பின்னாலேயே வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கருக்கலைப்பு வேறு, பெண் என்பதற்காகக் கலைப்பது வேறு. 1971 சட்டம் தந்த வழியை இந்தக் கோபத்தில் நாம் அடைத்துவிடக் கூடாது. மூன்று பிள்ளை பெற்று, நடவுக்குப் போகும் ஒருத்தியோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு மாசம் என்றதும், "என்ன, பொம்பளப்புள்ளைன்னு தெரிஞ்சுதா?" என்று போலீஸ் மாதிரி விசாரித்தார்கள். ஸ்கேன் எந்தப் பக்கம் இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. வெளியே வந்து, "நான் கொலகாரியாக்கா?" என்று கேட்டாள்.

இல்லடி. கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனையும் கிளினிக் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். விசாரிக்க வேண்டியவர்கள் அந்தப் பதிவேட்டைத் திறக்கட்டும். வண்டி கேட்கிறவன் வீட்டுக் கதவைத் தட்டட்டும். உன் வயிற்றை ஏன் சோதனை போடுகிறார்கள்?