தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை

கர்நாடக இசையின் இராகத்திலும் தாளத்திலும் அமைந்து, தமிழ்த் திருச்சபைகளின் ஆராதனையில் பாடப்படும் துதிப்பாடல் வகை. மேனாட்டு மெட்டில் பாடப்படும் பாமாலையிலிருந்து இது வேறுபட்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடவுளைத் தம் சொந்தக் குரலில் துதிக்கத் தொடங்கிய வரலாறு பெரும்பாலும் இதன் வரலாறே.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த லுத்தரன் மிஷனரிகளும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கிச் சபைக்குக் கொடுத்தார்கள். சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த பப்ரிஷியஸ் (1711–1791) இதில் முதன்மையானவர். அவருடைய ஞானப்பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன. பொருளில் ஆழமானவை அவை. ஆனால் மெட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. அதற்கு இசைய, குறில் நீண்டது, நெடில் குறுகியது.

அந்த நெருக்கடியைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துச்சென்று படிக்க வைத்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸிடம் பயின்றவரே. பெத்லகேம் குறவஞ்சி பாடிய சாஸ்திரியார், அரண்மனையிலும் கோயிலிலும் தெருவிலும் ஒலித்த இசை வடிவங்களைத் தயக்கமின்றி எடுத்து வேதாகமப் பொருளை அவற்றில் பாடினார். கீர்த்தனையின் அமைப்பே சபைக்குத் துணைநின்றது. ஒருவர் சரணம் பாட, மற்றவர்கள் பல்லவியைத் திரும்பப் பாடலாம். எழுத்தறியாத மூதாட்டியும் இரண்டு சரணம் முடிவதற்குள் பாடலுக்குள் வந்துவிடுவாள்.

1820-களில் வந்த புதிய மிஷனரிகள் ஆராதனையில் கீர்த்தனை பாடுவதை எதிர்த்தார்கள், சாஸ்திரியார் விட்டுக்கொடுக்கவில்லை. இசையில் நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் அதே சர்ச்சையில், கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்து அமரும் வழக்கத்தையும் அவர் ஆதரித்து எழுதினார். இந்த வரலாற்றை எழுதுகிறவர் அதை மறைக்கக் கூடாது. எல்லாரும் பாடக்கூடிய பாட்டைத் தந்த கவிஞரே, எல்லாரும் ஒரே பாயில் அமர்வதை ஏற்கவில்லை.

மிஷனரிகளின் மனமும் மெல்ல மாறியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார்; சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கிய இடம் பெற்றன. அதன்பின் கீர்த்தனை ஞாயிறு ஆராதனைக்கு உரியதாயிற்று. கருணாமிர்த சாகரம் (1917) எழுதிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றினார். கத்தோலிக்கரிடம் மாற்றம் வேறு வழியில் வந்தது. அவர்களுக்குத் தமிழ்ப் பாடல் மரபு முன்பே இருந்தும், திருப்பலி இலத்தீனிலேயே நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழிதிறந்த பின்னரே அது தமிழில் ஒலித்தது.

இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் கைத்தாளத்தோடு எளிய, நேரடியான துதியைக் கொண்டுவந்தன. சாராள் நவரோஜியின் பாடல்களும், பின்னர் பாதர் பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களும் சபைப் பிரிவுகளைக் கடந்து பரவின.

ஆனாலும் தலித் மக்களின் பறை ஆராதனைக்கு வெளியேதான் நின்றது. சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட அதைத் துதிக்குரிய கருவியாக்கியவர், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை என்ற பெயரில் அறியப்பட்ட அவர், செவ்வியல் இசையில் அமைந்த கீர்த்தனை தலித் மக்களின் உழைப்பையும் பசியையும் பேசவில்லை என்று கண்டார். கிராமிய மெட்டில், பேச்சுத்தமிழில் வழிபாட்டு முறை ஒன்றையே இயற்றினார். அதில் கடவுளைப் ‘பெத்தவரே’ என்று அழைத்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதை அவர் திருவிருந்தின் பொருளாகவே போதித்தார். அவரிடம் பயின்ற போதகர்கள் அந்தப் பாடல்களைத் தங்கள் சபைகளுக்குக் கொண்டுசென்றார்கள்.