அம்பத்தூர் சைக்கிளும் பிந்தி வந்த கணக்கும்

முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் அம்பத்தூரில் தன் முதல் ஹெர்குலிஸ் சைக்கிளைத் தயாரித்தது. 1955இல் ஆவடியில் குழாய் ஆலை வந்தது; 1959இல் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை, அடுத்த ஆண்டு டயமண்ட் செயின். இந்தத் தொழிலின் வரலாறு என்றால் முதலீட்டையும் ஒப்பந்தங்களையும் சொல்வார்கள். ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் சைக்கிள் ஏன் கொஞ்ச தூரம் விழாமல் போகிறது என்பது அதில் வராது. அந்தக் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கும் முன்பே, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே சைக்கிள் செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இங்கிலாந்திலிருந்து வந்த வரைபடங்களிலேயே கணக்கும் அடங்கியிருக்குமே என்று கேட்கலாம். ஆனால் இன்றைய வடிவத்துக்கு மூலமான ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் 1885இலேயே வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் மாணவர் விப்பிள் அதன் சமன்பாடுகளை வெளியிட்டது 1899இல். வடிவம் பட்டறையில், செய்து பார்த்துத் திருத்தியே பிறந்தது. சக்கரத்தில் கோட்டம் எடுக்கும் சைக்கிள் கடைக்காரரின் அறிவும் அந்த வம்சம்தான்.

கணக்கு தாமதித்ததற்குக் காரணம் உண்டு. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலி தள்ளினாலும் திரும்பி வரும். நிலையாற்றல் எங்கே மிகக் குறைவோ அங்கே நிலைப்பு என்பது கணிதர் லக்ராஞ்சு காலத்துப் பாடம். 1892இல் ருஷ்யக் கணிதர் லியாப்புனோவ் அதை விரித்தார்: ஆற்றலைப் போன்ற ஓர் அளவு, காலப்போக்கில் குறைந்துகொண்டே வருவதாகக் காட்டினால் போதும். சைக்கிளோ இந்த உவமைக்குள் அடங்காது. நிமிர்ந்து நிற்கும் சைக்கிள், விரல் நுனியில் நிறுத்திய குச்சியைப் போல, நிலையாற்றலின் உச்சியில் இருக்கிறது. ஆனால் ஓடும்போது, உராய்வால் ஆற்றல் இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் அதன் ஆட்டம் அடங்குகிறது. ஆட்டத்தில் இருந்த ஆற்றல் முன்னோக்கிய ஓட்டத்தில் போய்ச் சேர்கிறது. என்னைக் கேட்டால், இயக்கவியலில் இதைவிட அழகான தந்திரம் குறைவு. பலரின் பிழைகளைக் களைந்து மெய்யார்டு, பாப்பதோபுலோஸ், ரூயினா, ஷ்வாப் நால்வரும் 2007இல் சரிபார்த்துத் தந்த சமன்பாடுகளில், மாதிரியாக எடுத்துக்கொண்ட ஒரு சைக்கிள் மணிக்குச் சுமார் 15.5 முதல் 21.7 கிலோமீட்டர் வேகத்துக்குள் மட்டும் தானாக நிமிர்கிறது. அதுவும் வேகம் மாறாதபோது. பூந்தமல்லி சாலையில் எந்த வண்டி ஒரே வேகத்தில் போகிறது? வேகம் மாறிக்கொண்டிருந்தால், கணத்துக்குக் கணம் நிலைப்பு உண்டென்று காட்டுவது முழுப் பயணத்துக்கும் உத்தரவாதமாகாது. லியாப்புனோவின் வழி அங்கேதான் மறுபடி தேவைப்படுகிறது.

கணக்கில்லாமலே சைக்கிள் ஓடியதென்றால் கணக்கு எதற்கு என்று கேட்பது நியாயம். பட்டறை அறிவு நல்ல வடிவத்தைக் காப்பாற்றும். அது ஏன் நல்லது என்று சொல்லப் புகுந்தால் தடுமாறும். சுழலும் சக்கரத்தின் கைரோஸ்கோப் விளைவே சைக்கிளை விழாமல் நிமிர்த்தி வைக்கிறது என்று வெகுகாலம் சொன்னார்கள். எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்த விளைவை ஆய்வாளர் டேவிட் ஜோன்ஸ் அழித்துப் பார்த்தார். 1970இல் அவர் எழுதியபடி, சைக்கிளை அப்போதும் ஓட்ட முடிந்தது. அவர் காரணத்தை முன்சக்கரத்தின் அமைப்பில் தேடினார்: ஹேண்டில் அச்சைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். 2011இல் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிய ஒரு வண்டியில் இந்த இரண்டுமே கிடையாது. சின்னஞ்சிறு சக்கரங்கள், அவற்றின் சுழற்சியை ஈடுசெய்யும் எதிர்ச் சக்கரங்கள், அச்சுக்கு 4 மில்லிமீட்டர் முன்னால் தரையைத் தொடும் முன்சக்கரம். ஹெர்குலிஸின் சாயலே அதில் இல்லை. தள்ளிவிட்டார்கள், ஆடியது, நிமிர்ந்தது, போனது.