வெற்று டிஸ்க்கும் படிக்க முடியாத டிஸ்க்கும்

2012 வாக்கில், திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு பள்ளிக் கணினி அறைக்கு லினக்ஸ் போட்டுத் தர ஒப்புக்கொண்டேன். பதினாறு கணினி. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க யாரால் முடியும்? ரெட் ஹேட் 1990களில் கொண்டுவந்த கிக்ஸ்டார்ட் இதுக்குத்தான். மொழி, நேரம், பார்ட்டிஷன் எல்லாத்துக்கும் பதிலை ஒரே கோப்பில் எழுதிக் கொடுத்துட்டா மீதி தானா நடக்கும். ஓட விட்டுட்டு மாமல்லபுரம் ஐந்து ரதங்களைப் பார்க்கப் போயிட்டேன்.

திரும்பி வந்தா பழைய டிஸ்க் இருந்ததெல்லாம் முடிஞ்சிருக்கு. புது டிஸ்க் போட்ட நாலு மட்டும் நிக்குது. பார்ட்டிஷன் அட்டவணையைப் படிக்க முடியவில்லை, புதுசா எழுதினால் இருக்கிற தரவெல்லாம் அழியும், எழுதட்டுமா என்று ஒரு கேள்வி.

காலி டிஸ்க்கில் அழிய என்னங்க இருக்கு?

விஷயம் 1983க்குப் போகுது. அந்த வருஷம் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்டு டிஸ்க்கோடு வந்தது. கூடவே வந்த டாஸ் 2.0தான் இந்த அட்டவணை முறையைத் தொடங்கி வைத்தது. டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் முதல் 446 பைட் பூட் நிரல், அடுத்த 64 பைட்டில் நாலு பார்ட்டிஷன் விவரம், கடைசி இரண்டு பைட் ஒரு முத்திரை. முத்திரை இல்லேன்னா அட்டவணை செல்லாது, அவ்வளவுதான். டிஸ்க் நிஜமாவே காலியா, இல்லை அந்த ஒரு செக்டார் மட்டும் கெட்டுப்போச்சா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மனுஷனைக் கேட்கிறது. டெபியனிலும் இதே கேள்வி உண்டு.

கேட்காமல் எழுதச் சொல்ல கிக்ஸ்டார்ட்டில் ஜீரோஎம்பிஆர் என்று ஒரு வரி போதும். போட்டேன். நாலும் முடிஞ்சது. மறுநாள் அலுவலக அறையில் கிடந்த ஒரு கணினியையும் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் நீக்கு, விண்டோஸைத் தொடாதே என்றுதான் கோப்பில் இருந்தது, அதனால் யோசிக்காமல் ஓட விட்டேன். அது ரெண்டு மாசமா பூட் ஆகவில்லை என்பதை நான் விசாரிக்கவே இல்லை. கெட்டிருந்தது முதல் செக்டார். நிறுவிக்கு அது வெற்று டிஸ்க். மூணு வருஷ மதிப்பெண் பட்டியல் போயிடுச்சு. தப்பு முழுக்க என்னுது. டெஸ்ட்டிஸ்க் மாதிரி ஒரு கருவியை முதலில் ஓட்டியிருந்தால் அட்டவணையை மீட்டிருக்க வாய்ப்பு இருந்தது.

முந்தின நாள் நான் பார்த்துட்டு வந்த தர்மராஜ ரதத்திலும் எழுத்து இருக்கு. 1770களில் வந்து பார்த்த வில்லியம் சேம்பர்ஸின் கட்டுரை 1788ல் அச்சானது. அவரால் அந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை. பல்லவ கிரந்தம். 1830ல் வெளியான கட்டுரையில் பாபிங்டன் படித்துக் காட்டினார். நடுவில் நாற்பது வருஷம், நல்லவேளை, யாரும் வெற்றுப் பாறைன்னு நினைச்சுச் செதுக்கவில்லை.

இப்போ என் கோப்பில் அந்த வரி நிரந்தரமாக இல்லை. கிக்ஸ்டார்ட்டின் 'ப்ரீ' பகுதியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் டிஸ்க்கின் முதல் சில எம்பியைப் படிக்கும். எல்லாம் பூஜ்யமா இருந்தால் மட்டும் ஜீரோஎம்பிஆர் வரியைச் சேர்க்கும். ஒரு பைட் வேறயா இருந்தாலும் நிறுவி நின்னு கேட்கும். கேட்கட்டும்.