உயர் வரையறைத் தொலைக்காட்சி

உயர் வரையறைத் தொலைக்காட்சி அல்லது எச்டிடிவி என்பது, வழக்கமான தொலைக்காட்சியைவிட மிகுதியான படவணுக்களைக் கொண்டு, கூடுதல் தெளிவுடன் படத்தைக் காட்டும் தொலைக்காட்சி முறைமை ஆகும். திரையில் காணும் படத்தை உருவாக்கும் மிகச் சிறிய புள்ளிகளே படவணுக்கள் எனப்படுகின்றன.

படத்துல்லியம்

இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்ட பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள் உண்டு. அவற்றுள் 576 மட்டுமே படத்துக்குரியவை. இலக்கமுறையில் இது 720 × 576, அதாவது சுமார் 4.15 இலட்சம் படவணுக்கள் ஆகும். உயர் வரையறையில் இரு அளவுகள் பரவலாக உள்ளன.

* 720பி: 1280 × 720, சுமார் 9.2 இலட்சம் படவணுக்கள்
* 1080ஐ, 1080பி: 1920 × 1080, சுமார் 20.7 இலட்சம் படவணுக்கள்

'ஐ' என்பது ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறி மாறிக் காட்டும் முறையையும், 'பி' என்பது எல்லாக் கோடுகளையும் வரிசையாகக் காட்டும் முறையையும் குறிக்கும். பழைய திரையின் அகல, உயர விகிதம் 4:3. உயர் வரையறையில் இது 16:9.

வரலாறு

சப்பானின் என்எச்கே நிறுவனம் 1960களில் இதற்கான ஆய்வைத் தொடங்கி, 1125 கோடுகள் கொண்ட முறையை உருவாக்கியது. இதன் சோதனை ஒளிபரப்பு 1989 ஆம் ஆண்டில் செய்மதி வழியாக நடைபெற்றது. அமெரிக்காவில் இலக்கமுறை உயர் வரையறை ஒளிபரப்பு 1998 இல் தொடங்கியது. இந்தியாவில், 2010 ஆம் ஆண்டு தில்லி பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளைத் தூர்தர்சன் இம்முறையில் ஒளிபரப்பியது. சன் தொலைக்காட்சியின் எச்டி அலைவரிசை 2011 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டு அரசு 2006 முதல் 2011 வரை இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள், படக்குழாய் வகையைச் சேர்ந்த வழக்கமான பெட்டிகளாகும். அனலாக் முறையில் இயங்கிய கேபிள் இணைப்புகளிலும் எச்டி அலைவரிசைகளைப் பெற இயலவில்லை. எனவே செஞ்சி போன்ற சிறு நகரங்களில் கூரைமேல் சிறு தட்டு அலைவாங்கி பொருத்தும் டிடிஎச் சேவையே இதற்கு எளிய வழியாக இருந்தது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017 இல் இலக்கமுறைக்கு மாறத் தொடங்கியது.

தேவையானவை

எச்டி தொலைக்காட்சிப் பெட்டியை வாங்குவதால் மட்டும் உயர் வரையறைப் படம் கிடைத்துவிடாது. பின்வரும் நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

# எச்டி முறையில் ஒளிபரப்பாகும் அலைவரிசையும் அதற்கான சந்தாவும்
# எச்டி செட்டாப் பெட்டி
# எச்டிஎம்ஐ இணைப்பு வடம்
# எச்டி திரை

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் படத்தின் தரம் அதன் அளவுக்கே இறங்கிவிடும். குறிப்பாக, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய வடத்தின் வழியே உயர் வரையறைப் படம் செல்லாது. இவ்வடத்தைப் பயன்படுத்தினால், எச்டி சந்தா செலுத்துபவரும் வழக்கமான படத்தையே காண்பார். மேலும், 4:3 படத்தை 16:9 திரை முழுவதும் நிரம்புமாறு இழுத்துக் காட்டினால் முகங்கள் அகன்று தோன்றும். இது தெளிவின் அடையாளம் அன்று.

'எச்டி ரெடி' எனக் குறிக்கப்படும் பெட்டிகள் பலவற்றில் திரையின் அளவு 1366 × 768 மட்டுமே. 'முழு எச்டி' என்பது 1920 × 1080 அளவைக் குறிக்கும்.

பார்க்கும் தொலைவு

1080 கோடுகளின் முழுப் பயனைப் பெற, திரை உயரத்தின் ஏறத்தாழ மூன்று மடங்குத் தொலைவில் அமர்தல் வேண்டும். 32 அங்குலத் திரைக்கு இது சுமார் 1.2 மீட்டர், 55 அங்குலத் திரைக்குச் சுமார் 2 மீட்டர். இதைவிட வெகுதொலைவில் அமர்ந்தால், நுண்ணிய வேறுபாடுகளைக் கண்ணால் பிரித்தறிய இயலாது.