கையின் விலையும் தொழிலின் விலையும்

கண்டியினின்றும் மாத்தளை நோக்கிச் செல்லும் பெருவீதியிலே அமைந்தது அக்குறணை. வணிகத்தாற் பெயர்பெற்ற இவ்வூரின் கடைவீதியில் மூடை சுமப்போனும், கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிற் கொழுந்து கொய்வாளும் தத்தம் கையை நம்பி வாழ்பவர். அக்கை ஒருநாள் விபத்தில் முடமாயின் நட்டஈடு வழங்குவோர் எதனை அளத்தல் வேண்டும்? இழந்த உறுப்பையா, அவ்வுறுப்பினாற் செய்துவந்த தொழிலையா?

முதலாளியின் பிழையைத் தொழிலாளி நிறுவினாலன்றி ஈடு இல்லை என்றிருந்த நிலையைப் பிரித்தானியா 1897ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றியது. இந்தியா 1923இலும், இலங்கை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலும் அவ்வழி சென்றன.

இந்தியச் சட்டத்தின் முதல் அட்டவணை 1923இல் இருந்தவாறு நோக்கத்தக்கது. முழங்கைக்கு மேல் வலக்கை இழந்தால் உழைப்பாற்றலில் நூற்றுக்கு 70 நட்டம், இடக்கையாயின் 60, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10 என்று அது அன்று வகுத்திருந்தது. வலக்கைக்கு 10 கூட்டியவர் தொழிலை ஓரளவு எண்ணியே கூட்டினர். ஆயின் இடக்கையாளனை அவர் எண்ணினாரல்லர். பெருவிரலும் சுட்டுவிரலும் கூடியே கொழுந்தைக் கிள்ளும்; கொய்வாளுக்குச் சுட்டுவிரலின் விலை பத்துத்தானோ?

எனினும் அச்சட்டத்தின் வரைவிலக்கணம் அட்டவணையினும் நுண்ணியது. தற்காலிக ஊனத்துக்கு, விபத்து வேளையிற் செய்த தொழிலே அளவுகோல். நிரந்தர ஊனத்துக்கோ, அவ்வேளையில் அவன் செய்ய வல்லவனாயிருந்த எல்லாத் தொழில்களும் அளவுகோல். ஆகவே அவன் முன்னர் என்னென்ன செய்தான், எவற்றைக் கற்றான் என்று விசாரியாது தீர்ப்புக் கூற இயலாது.

இதனை விளக்க ஒரு வழக்குப் போதும். 1968இல் ஒடிசாவிலே படமாளிகை ஒன்றில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் வீழ்ந்தார். இடக்கை முழங்கைக்கு மேல் துணிக்கப்பட்டது. இது பகுதி ஊனமே என்றார் முதலாளி. தச்சுத் தொழிலை ஒரு கையாற் செய்தல் இயலாது, ஆதலின் முழு ஊனமே என்ற முடிபை 1975இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. 2010இல் வீதி விபத்து வழக்கொன்றில் அந்நீதிமன்றம் மேலும் தெளிவாகக் கூறிற்று: அதே இடக்கையை இழந்த சாரதிக்கு நட்டம் ஏறக்குறைய முழுமை, அரசாங்க எழுதுவினைஞனுக்கோ உத்தியோகமே போகாதிருக்கலாம்.

இனி, கடந்தகால உழைப்புக்குச் சான்று யாது? தோட்டத்திலே செக்ரோல் உண்டு. ஒருநாள் வேலை அதில் ஒரு பெயராகும். முழுநாளும் மலையில் நின்றவளுக்குக் கொழுந்து குறைந்ததென்று ‘அரைப்பெயர்’ போட்ட கணக்கப்பிள்ளையின் பேனா, அவள் ஊனமுற்றபின் ஈட்டையும் குறைக்கும். மாதக் கூலி முந்திய பன்னிரு மாதச் சம்பாத்தியத்தைக் கொண்டே கணிக்கப்படுவதாலென்க. கடைவீதிச் சுமையாளுக்கோ அக்குறை ஏடும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் நிரம்பாதவனுக்கு, அவ்விடத்தில் அத்தகைய வேலை செய்யும் பிறனொருவனின் கூலியை அளவாகக் கொள்ள இந்தியச் சட்டம் இடந்தருகின்றது. பக்கத்தில் மூடை சுமந்தவன் வந்து சாட்சி சொன்னாலன்றி அவ்விடமும் பயன்படாது. அவனோ அன்றைய கூலியை விட்டே வரல்வேண்டும்.