இதை: காற்று வாங்கும் பாய்

‘இதை’ என்றதும் ‘இது’வின் இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற வடிவம்தான் நமக்கு நினைவு வரும். சங்கப் புலவர்களுக்கு அது கப்பலின் பாய். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் இச்சொல் இரண்டு நிலைகளில் வருகிறது. ஓரிடத்தில், கொடி பறக்கும் மரத்தில் இதையை ஏற்றி, கடுங்காற்றின் துணையோடு, முரசு முழங்கப் பொன்னும் பண்டமுமாகக் கரை சேர்கின்றன நாவாய்கள். மற்றோரிடத்தில் புயல். கட்டிய கயிறு அறுகிறது, இதை கிழிபடுகிறது, கூம்பு என்னும் பாய்மரம் அடியோடு முறிகிறது, கலம் சுழியில் சிக்குகிறது. பாகனைக் கொன்று, கட்டுத்தறியை விட்டுத் திரியும் மதயானைக்கு உவமை இந்தக் கலம். கயிறு, பாய், மரம் என்று சேதத்தை வரிசைப்படுத்துவதைப் பார்த்தால், மருதனார் கடலோடிகளின் பேச்சை அருகிருந்து கேட்டவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ‘இதை’க்குப் ‘பாய்’ என்றே பொருள் சொல்கிறார். படுக்கும் பாய்க்கும் கப்பல் பாய்க்கும் பொதுவான அந்தச் சொல்தான் இன்று வழக்கில் உள்ளது. புதிதாகத் திருத்திய புனத்துக்கும் ‘இதை’ என்ற பெயர் உண்டு. ஆகவே பழம்பாடல்களில் இடம் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும்.